நிலவறைச் சாவி

மிலுதின்,

ஆறு மணி பஸ்ஸில் பெல்கிரேட் போகிறேன், சீனமொழி ஒன்றாம் நிலைத் தேர்வுக்கு. நம் குடும்பத்தைக் காக்கும் புனிதருக்கு ஊரே வந்து விருந்துண்ணும் நாளும் இன்றுதான். தெரிந்தேதான் போகிறேன்.

கெண்டை மீனைக் கழுவி உப்புப் போட்டு வைத்திருக்கிறேன். பொரிப்பது உன் பாடு. மெழுகுவர்த்தியும் ரொட்டியும் மேசைமேல். அழைக்காமலே வருகிற கூட்டம், பன்னிரண்டுக்கெல்லாம் வாசலில் நிற்கும். முதல் ஆள் உன் தம்பி ஸ்ரெதென்தான்.

கதவு, அலமாரி, உப்பு ஜாடி என்று வீடெல்லாம் சீனத்தில் பெயர் எழுதிய சீட்டுகளை ஒட்டியிருந்தேன். அத்தனை சீட்டையும் அவன் எதிரில்தானே உரித்து அடுப்பில் போட்டாய்? "கோழி கிண்டின மாதிரி இருக்கு. அதுவும் ஒண்ணாம் நிலையாம்! இதெல்லாம் ஒரு படிப்பா?" என்றாய். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

சாயங்காலம் வந்துவிடுவேன். எனக்கு மீன்தலையை எடுத்து வை.

லூபிங்கா

பி.கு.: ஒயின், பிளம் சாராயம் எல்லாம் நிலவறையில். பூட்டிவிட்டேன். சாவி இருக்கும் இடத்தைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், சீனத்தில். போனில் படம் பிடித்து மொழிபெயர்க்கப் பார்க்காதே. கோழி கிண்டின என் கையெழுத்து அதற்கும் புரியவில்லை, நேற்றே சோதித்துவிட்டேன். கஷ்டம் ஒன்றும் இல்லை, ஒன்றாம் நிலைதான். நீ அடுப்பில் போட்ட சீட்டுகளில் இருந்த அதே சொற்கள்.