மூன்று சாக்குக் களை

மார்ச் 3, திங்கள்

மூன்றாம் வகுப்பின் சமூக சேவை இனிதே முடிந்தது. நூலகத் தோட்டத்தில் களை எடுத்தோம். இருபத்தாறு பேர், ஒரு மணி நேரம், மூன்று சாக்கு. மாதிரிக்கு ஒன்றை நானே பிடுங்கிக் காட்டி, “இந்த மாதிரி இலை இருந்தா ஒண்ணையும் விடாதீங்க” என்றேன். விடவில்லை.

மார்ச் 4

நூலகத் தோட்டக்காரர் வகுப்புக்கே வந்துவிட்டார், கையில் வாடிய நாற்றோடு. நாங்கள் பிடுங்கியது அத்தனையும் அவர் இரண்டு மாதமாக வளர்த்த பூச்செடிகள். களை அப்படியே செழிப்பாக இருக்கிறதாம்.

“இனிமே இந்தப் பசங்க கேட்டைத் தாண்டக் கூடாது!”

குழந்தைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான்? வாயே திறக்கவில்லை.

மார்ச் 5

செய்த சேவையைப் பற்றி யோசித்து எழுதும் வகுப்பு. என்ன செய்தோம், என்ன கற்றோம், அடுத்த முறை எப்படிச் செய்வோம்? வெள்ளிக்கிழமை பெற்றோர் வரும்போது சுவரில் ஒட்ட வேண்டும். எல்லாத் தாளிலும் ‘மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது’. எரிச்சலில், “நிஜமா தோணுறத எழுதுங்க” என்றேன். சொந்தச் செலவில் சூனியம்!

எட்டு வயதுதான், ஆனால் எதையும் கேள்வி கேட்காமல் விடமாட்டாள் — எங்கள் ‘வக்கீல்’ எழுந்தாள். “நிஜத்த எழுதினா யாரு திட்டு வாங்குவா டீச்சர்?”

நல்ல வேளை, மணி அடித்தது.

மார்ச் 6

மறுபடி எழுதித் தந்த தாள்களை வீட்டில் படித்தேன்.

‘நான் பதினோரு களை பிடுங்கினேன். பதினொன்றும் செடி.’

‘அடுத்த முறை தோட்டக்காரரைக் கேட்பேன். டீச்சரைக் கேட்க மாட்டேன்.’

விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு வக்கீலின் தாள்: ‘டீச்சர் காட்டியதைத்தான் பிடுங்கினோம். திட்டு எங்களுக்கு. டீச்சர் மறந்துபோய்ச் சும்மா இருந்திருப்பார்.’

மறக்கவில்லையடி, கண்ணே. பயந்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

வீட்டுக்காரர் எட்டிப் படித்தார். “இத ஒட்டினா, உன் கதை கந்தல்தான்.”

மார்ச் 7, வெள்ளி

இருபத்தேழு தாள் ஒட்டினேன். கடைசித் தாள் என்னுடையது: ‘தப்பான செடியைக் காட்டியது நான்தான்.’ தலைமையாசிரியை கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

“இது தேவையா?”

“தேவைதான் மேடம்.”

பெற்றோர் சிரித்தார்கள். சாயங்காலம் தோட்டக்காரரிடமும் போய்ச் சொன்னேன். அவர் களை வெட்டிக்கொண்டே இருந்தார்.

மார்ச் 17, திங்கள்

தோட்டக்காரர் ஆள் அனுப்பியிருந்தார். புது நாற்று வந்திருக்கிறது, பசங்களைக் கூட்டிவரலாமாம்.

போனோம். குழந்தைகளுக்கு ஆளுக்கு நான்கு நாற்று. எனக்கு ஒரு நாற்காலி, காவலுக்கு வக்கீல். காலடியில் ஏதோ முளைத்திருந்தது. குனிந்தேன்.

“டீச்சர், கைய எடுங்க. மொதல்ல கேப்போம்.”

கேட்டோம். களைதானாம். ஆனாலும் என்னைப் பிடுங்க விடவில்லை.