கோமதியக்காவின் முகம் இருந்த ரீல்

இன்று காலை பழைய பிலிம் டப்பா ஒன்றைத் திறந்தேன். புளித்த காடி வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. வயதான பிலிம் அப்படித்தான் நாறும். பேத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினாள். நான் மூடியைக் கையில் வைத்தபடி வெகுநேரம் உன்னையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

தேரடிப் பக்கம் நாம் இருவரும் போட்டோ ஸ்டூடியோ போட்டபோது நமக்கு இருபத்திரண்டு வயது. போட்டோவை மட்டும் நம்பினால் அடுப்பு எரியாது என்று நீ டூரிங் சினிமாக் கொட்டகைக்கு விளம்பரச் சிலைடு எழுதினாய். கல்யாண வீடுகளில் ரேடியோ செட் கட்டினாய். ஆபரேட்டர் வராத நாட்களில் கொட்டகையில் புரொஜெக்டர் ஓட்டினாய். உன் சட்டையில் ஒரு பக்கம் பெயிண்ட், ஒரு பக்கம் கிரீஸ். நான் கேலி செய்தால், "ஒரே தொழிலைக் கட்டிக்கிட்டு அழணும்னு எவம்லே சொன்னான்?" என்பாய்.

ஆனாலும் உன் ஆசையெல்லாம் சினிமாக் கேமராவின் மேல்தான். மதராஸில் செய்திப்படம் எடுக்கும் கம்பெனி ஒன்றுக்கு நீ விடாமல் கடிதம் எழுதினாய். கடைசியில் சாவி கொடுத்து ஓட்டும் சின்னக் கேமரா ஒன்றும் மூன்று ரீல் பிலிமும் வந்து சேர்ந்தன. நெசவாளர் வாழ்க்கையைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். அவர்களுக்குப் பிடித்தால் உனக்குக் கேமராமேன் வேலை.

நூல் கிடைக்காமல் ஊரில் தறிகள் நின்றுபோயிருந்த சமயம். ஓடாத தறிகளையும் கஞ்சிக்கு நின்ற வரிசையையும் இரண்டு ரீலில் எடுத்தாய். மூன்றாவது ரீலை எதற்கென்று தெரியாமலே பத்திரப்படுத்தினாய்.

ஒருநாள் காலையில், வியாபாரி ஒருவர் பூட்டிய கிட்டங்கியில் நூலைப் பதுக்கி வைத்திருக்கிறார் என்று தெரு முழுக்கத் திரண்டது. திறக்கச் சொல்லிக் கேட்டார்கள். திறக்க ஆளில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு கோமதியக்கா வந்தாள். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாகத் தறி நெய்தவள். கையில் அம்மிக்குழவி. மூன்றாவது அடியில் பூட்டு தெறித்தது. அவள் நிமிர்ந்து, எதிர்வீட்டு மாடிப்படியில் நின்ற உன் கேமராவை நேராகப் பார்த்தாள். "இதுதாம்லே படம்!" என்று என் தோளை இறுகப் பிடித்தாய். உள்ளே கூரை வரைக்கும் நூல் பேல்கள்.

மத்தியானம் போலீஸ் வந்தது. அகப்பட்டவர்களை அள்ளிக்கொண்டு போனது. கோமதியக்கா அகப்படவில்லை. அவள்தான் என்று யாரும் வாய் திறக்கவும் இல்லை.

மறுநாள் பத்து மணி இருக்கும். வெளியூரிலிருந்து வந்த அதிகாரி ஒருவர் இரண்டு போலீஸ்காரர்களோடு ஸ்டூடியோவுக்குள் நுழைந்தார். நீ டார்க்ரூமில் மதராஸுக்குப் பார்சல் கட்டிக்கொண்டிருந்தாய். நான் முன்னால் இருந்தேன்.

"நேத்து படம் பிடிச்சீங்களாமே. பூட்டை உடைச்ச மூஞ்சியெல்லாம் அதிலே இருக்கும்ல? எங்கே அது?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். லத்தியைப் பார்த்தேன். "உள்ள இருக்கு, சார்" என்றேன்.

எடுத்து வரச் சொன்னார். உள்ளே வந்து உன்னிடம் கெஞ்சினேன்.

"கொடுத்திருவோம்லே. மிச்சம் ரெண்டு ரீலு இருக்கு. உனக்கு வேலை கிடைக்க அது போதும்."

"கோமதியக்கா முகம் முழுசா இருக்குலே இதுல."

"நம்மள அடிச்சே கொன்னுருவானுவ."

நீ ரீலைக் கையில் எடுத்தாய். கொல்லைப்புறக் கதவைத் திறந்தாய். வெயில் சுள்ளென்று உள்ளே விழுந்தது. கிணற்றடிக்குப் போய், இன்னும் மருந்தில் கழுவாத அந்த ரீலை முழம் முழமாக உருவ ஆரம்பித்தாய். பிலிம் உன் காலடியில் சுருள் சுருளாக விழுந்தது. உன் வாழ்க்கையிலேயே நல்ல படம் அது. நான் தடுக்கவும் இல்லை, ஒரு கை கொடுக்கவும் இல்லை. நிலைப்படியில் மரம் மாதிரி நின்றேன்.

அதிகாரி வந்து பார்த்தார். "என்னடா இது?"

"வெயில் பட்டுட்டு, சார். இனி இதுல ஒண்ணும் தெரியாது."

முதல் அறை அங்கேயே விழுந்தது. உன்னையும் கேமராவையும் மிச்சமிருந்த ரீல்களையும் கொண்டுபோனார்கள். மூன்று நாள் கழித்து வந்தாய். இடது காது அதற்குப் பிறகு சரியாகக் கேட்கவே இல்லை. கேமராவைப் பறிகொடுத்தவனுக்கு வேலை இல்லை என்று கம்பெனி எழுதிவிட்டது.

சில மாதம் கழித்து, அதே கம்பெனியில் எடிட்டிங் அறைக்கு உதவியாள் வேண்டும் என்று தெரியவந்தது. நான் தயங்கினேன். "நீ போலே. நம்மள்ல ஒருத்தனாவது போவணும்" என்று ரயில் ஏற்றிவிட்டாய். ஸ்டேஷனில் உன் முகத்தைப் பார்க்க எனக்குத் திராணி இல்லை.

ஐந்தாறு வருடம் கழித்து வந்தபோது ஸ்டூடியோவைப் பெரிதாக்கியிருந்தாய். உள்ளே புது ஆம்ப்ளிபயர், நாலு குழாய் ஸ்பீக்கர், சிலைடு எழுதும் மேசை. கண்ணாடி அலமாரியில் கோமதியக்கா தன் இரண்டு பிள்ளைகளோடு நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்த போட்டோ.

"நீ ரீலை அழிச்சது அக்காவுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"எதுக்குலே தெரியணும்? போட்டோ நல்லா இருக்கா, அதைச் சொல்லு."

அப்போதுதான் என்னை அறியாமல் சொல்லிவிட்டேன். "ரீலு உள்ள இருக்குன்னு நான்தாம்லே அவங்கிட்ட சொன்னேன்."

"தெரியும். நடுவுல பலகைதானே, எல்லாம் கேட்டுச்சு." சிலைடில் எழுதிக்கொண்டிருந்த நீ தூரிகையை நிறுத்தவில்லை. "நீ பயந்த. நானும்தாம்லே பயந்தேன். காப்பி சாப்பிடுவோமா?"

அதன் பிறகு உன்னைப் போலவே நானும் பல வேலை பார்த்தேன். எடிட்டிங், ஒலிப்பதிவு, ரேடியோ நாடகம், விளம்பரப் படம். ஒருமுறை வேறொரு ஊரின் போராட்டத்தை எடுத்த பிலிம் என் எடிட்டிங் மேசைக்கு வந்தது. கல்லை ஓங்கிய ஒரு பையனின் முகம் அதில் தெளிவாக இருந்தது. அதைப் பெரிதாகக் காட்டச் சொன்னார்கள். நான் வெட்டி எறிந்துவிட்டு, பிலிம் கெட்டுப்போய்விட்டது என்றேன். அவர்கள் நம்பவில்லை, அந்த வேலை போயிற்று. இதை உனக்கு எழுத உட்கார்ந்தேன். பெருமை அடித்துக்கொள்வது போல் இருந்ததால் கிழித்துப் போட்டேன்.

எழுதியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. இன்றும் எவர் முகம் என் மேசைக்கு வந்தாலும், இதைத் தேடி யார் வருவார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறேன்.