பச்சையம்மா டோக்கனை யாரும் போடவில்லை

என் ஆசை அக்கா சகாயத்துக்கு,

கிடைத்துவிட்டது அக்கா! ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கும் பச்சையம்மாவுக்கு, வேலைக்கு வர முடியாத நாட்களுக்கான பணம் கிடைத்துவிட்டது. நம் பாட்டில் கம்பெனியில் காலையில் வந்து மத்தியானம் திரும்பும் அரை ஷிப்டு பொம்பளை ஒருத்திக்கு அது கிடைப்பது இதுதான் முதல் தடவை. உன் நினைவு நாளுக்குக் கோயிலில் பூசை முடிந்தது. அப்பா மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் போய்விட்டார். எனக்கு அழுகை வரவில்லை. சேதராப்பட்டு வரைக்கும் கத்திக்கொண்டே ஓடலாமா என்றிருக்கிறது. இதை முதலில் கேட்க வேண்டியவள் நீதானே?

ஏரிக்கரைப் பச்சையம்மாவை நினைவிருக்கிறதா? லேபிள் ஒட்டும் பெஞ்சில் உனக்கு எதிரே உட்காருவாள், அவள் சிரித்தால் பசை டப்பா ஆடும். கர்ப்பப்பையில் கட்டி. பாண்டி பெரிய ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள். பெட்டி தூக்கவே கூடாது, நன்றாகத் தேறும்வரை படுத்திரு என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். உனக்கும் இதைத்தானே சொன்னார்கள்?

உன் குடலிறக்க ஆபரேஷனின்போது நாங்கள் செய்ததை நீ ஊரெல்லாம் பெருமையாகச் சொன்னாய். கேட்டில் ஆணியில் தொங்கும் பித்தளை டோக்கனை எடுத்துப் பெட்டியில் போட்டால்தான் வேலைக்கு வந்ததாகக் கணக்கு. எங்கள் டோக்கனோடு உன்னுடையதையும் போட்டோம். உன் பங்கு லேபிளையும் எங்களுக்குள் பிரித்து ஒட்டினோம். "ஒரே நேரத்துல ரெண்டு எடத்துல கீறேன்டி, புனிதர் மாதிரி!" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். சூப்பர்வைசருக்கும் தெரியும். பாட்டில் பெட்டிகள் நிறைந்துகொண்டிருந்ததால் கண்டுகொள்ளவில்லை.

பிறகு ஆர்டர் குவிந்தது. உன் வேலையையும் சேர்த்து இழுக்க எங்களால் முடியவில்லை. கூலியில் இன்சூரன்ஸுக்கென்று பிடிக்கிறார்களே, அதையாவது கேட்போம் என்று அப்பாவும் நானும் இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போனோம். "வேலைக்கு வராதவங்களுக்குத்தாம்மா இந்தப் பணம். உங்க அக்கா தெனமும் வந்திருக்காங்களே?" என்றார் குமாஸ்தா. வயிறு கிழிந்து கிடந்தவளைத் தினமும் வேலைக்கு வரவைத்தது யார்? நாங்கள்தான். அன்பினால்.

வேறு வழியில்லாமல் நீ பாதியிலேயே எழுந்து வந்து பெட்டி தூக்கினாய். தையல் விட்டது. சீழ் வைத்தது. போய்விட்டாய்.

அதனால்தான் இந்தத் தடவை பச்சையம்மா டோக்கனை நான் தொடவில்லை. மற்றவர்களையும் தொடவிடவில்லை. பெஞ்சில் மூத்தவள் தனலட்சுமி கையை ஓங்கிக்கொண்டு வந்தாள். "உனுக்கு இன்னா மனசா கல்லாடி? உன் அக்காவுக்குப் போட்டோமே!"

"போட்டதாலதான் செத்துச்சு" என்றேன். அவள் கை இறங்கியது.

பச்சையம்மா புருஷன் ஏழுமலை கரும்பு வெட்டிய கத்தியோடு அப்படியே கேட்டுக்கு வந்துவிட்டார். "ஒரு டோக்கன் போட உனுக்கு இன்னாமே வலிக்குது? கூலியும் போயி, அந்த இன்சூரன்ஸ் பணமும் வரலன்னா எங்க வூட்டு அடுப்ப நீ வந்து எரிப்பியா?"

அவர் கேட்டதில் தப்பில்லை. கிடைக்காமல் போனால்? படுத்திருப்பவள் வாயில் மண்ணைப் போட்டவள் நானாகிவிடுவேன்.

டோக்கன் ஆணியிலேயே தொங்கியது. அவளுடைய இடத்தில் ஒட்டாத பாட்டில்கள் ஏறிக்கொண்டே போயின. நாங்கள் எங்கள் பங்கை முடித்து எழுந்துகொண்டோம். கடைசியில் சூப்பர்வைசரே கெஞ்சினார். "அது பங்கையும் கொஞ்சம் பாத்து வுடுங்கம்மா. எப்பவும் செய்றதுதானே?"

"எப்பவும் செஞ்சோம் சார். இப்ப ஆளு வரல."

"அப்ப வேற ஆளப் போட்டுடுவேன்."

"போடு சார். பச்சையம்மா ஆபரேஷன் ஆயி வரலன்னு எழுதிட்டுப் போடு."

எங்களை மேனேஜரிடம் இழுத்துப் போனார். "அரை ஷிப்டுக்கு ஏதும்மா இதெல்லாம்? முழு ஷிப்டு ஆளுங்களுக்குத்தான்" என்றார் மேனேஜர்.

நான் வாயைத் திறப்பதற்குள் தனலட்சுமி பாய்ந்தாள். "அரை ஷிப்டுன்னு டாக்டரு அரை வயித்தையா சார் அறுத்தாரு? இன்சூரன்ஸ் புடிக்கும்போது மட்டும் நாங்க முழு ஆளாத் தெரியிறமா?"

நீ கேட்டிருக்க வேண்டும்! பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். மேனேஜர் ஜன்னல் பக்கம் பார்த்தார். வெளியே லாரி நின்றது. ஏற்றுவதற்குப் பெட்டி இல்லை. பச்சையம்மா வேலைக்கு வரவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவள் தேறி வரும்வரைக்கும் என்று சொல்லி வேறொரு பெண்ணை எடுத்தார். மனம் இளகிவிட்டார் என்று நினைக்காதே. லாரி நின்றது, அவ்வளவுதான்.

அதே ஆபீஸ், அதே குமாஸ்தா. இந்தத் தடவை மேனேஜர் எழுதியதைப் படித்துப் பார்த்துப் பணத்துக்கு எழுதிக்கொடுத்தார். முழுக் கூலி கிடைக்காது என்பது உண்மை. ஆனால் அடுப்பு எரியும். யாரும் போட்ட பிச்சையும் இல்லை, நம் கூலியில் பிடித்த பணம்.

நேற்று ஏழுமலை மறுபடியும் கேட்டில் நின்றார். திட்ட வந்திருக்கிறார் என்று நினைத்து நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"தூங்குதும்மா" என்றார். "பட்டப்பகல்ல தூங்குது. கண்ணாலம் ஆனதுலேர்ந்து அத்த நான் அப்பிடிப் பாத்ததே இல்ல."

நீ பகலில் தூங்கி நான் பார்த்திருக்கிறேனா அக்கா? அந்தக் கடைசிக் காய்ச்சலில் தவிர?

சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை. கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது. நம் தொழிற்பேட்டையில் பக்கத்துக் கம்பெனிகளிலெல்லாம் இன்றைக்கும் யாரோ ஒருத்தி, படுத்திருக்கும் இன்னொருத்திக்காகப் பாசத்தோடு டோக்கன் போட்டுக்கொண்டிருப்பாள். ஒவ்வொரு கேட்டாகப் போய்ச் சொல்லப் போகிறேன். அடித்தாலும் சொல்வேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். ஆபரேஷன் ஆகி ஒருத்தி படுத்தால் அவள் வீட்டுக்குக் கஞ்சி கொண்டுபோவேன். அவள் துணியைத் துவைப்பேன். அவளுக்காக யாரோடும் சண்டை போடுவேன். அவள் வேலையை மட்டும் செய்ய மாட்டேன். அவள் வரவில்லை என்பது எல்லோருக்கும் தெரியட்டும்.

உன் கூடப்பிறந்தவள்,
அமலா