செனட்டருக்கு ஊற்றாத சூப்

அன்புள்ள டார்லீன்,

உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். ஒரு வெட்கக்கேட்டைச் சொல்கிறேன், சிரிக்காதே: கரண்டி பிடித்த கையால் இப்போது பாத்திரம் கழுவுகிறேன்.

உச்ச நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி இறந்து, நாற்காலி காலியாகக் கிடக்கிறது அல்லவா? அதிபர் அந்த இடத்துக்கு ஒருவர் பெயரைச் சொன்னார். செனட் அவரை விசாரித்து ஒப்புக்கொண்டால்தான் அவர் உட்கார முடியும். செனட்டில் கை ஓங்கியிருக்கும் எதிர்க்கட்சியோ, அவரை விசாரிக்கக்கூட மாட்டோம் என்கிறது. அந்தக் கட்சி செனட்டர் விட்காம்ப் நேற்று செனட் கட்டடத்தில் இருக்கும் எங்கள் உணவுக்கூடத்துக்கு வந்தார்.

"என்ன வெர்னன், பீன்ஸ் சூப் ரெடியா?"

"ரெடிதான் ஐயா. அந்த ஜட்ஜை எப்போ விசாரிப்பீங்க?"

"என்னப்பா அவசரம்? நவம்பர்ல அதிபர் தேர்தல் வருது. ஜனங்க சொல்லட்டும்."

"அப்போ உங்க கிண்ணமும் நவம்பர் வரைக்கும் காலியாவே இருக்கட்டும். ஊத்தலாமா வேணாமான்னு ஜனங்க சொல்லட்டும்."

வரிசையே சிரித்தது, மேலாளரைத் தவிர.

"மன்னிப்பு கேளு, இல்லேன்னா போய்ப் பாத்திரம் கழுவு!"

பாத்திரமே கழுவுகிறேன் என்றேன். வேலையே போனாலும் மன்னிப்பு கேட்க மாட்டேன். பயப்படாதே, இன்னும் போகவில்லை.

சோப்புத் தண்ணீரில் கை வெடிக்கிறது, உன் களிம்பை அனுப்பு. உன் தலையணை உறை ஒன்றையும் அனுப்பு, துவைக்க வேண்டாம்.

மேலாளர் கத்துகிறார், போகிறேன்.

உன் வெர்னன்

பி.கு.: இங்கே எல்லாரும் என்னை வீரன் என்கிறார்கள். போன தேர்தலன்று ஓட்டுப் போடாமல் மீன் பிடிக்கப் போனேனே, அதை மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதே.