துணி சுற்றிய மணி

நாரணாபுரம்
8.9.1958

அன்புள்ள அம்மாவுக்கு,

ஆண்டவர் கிருபையில் நான் சுகம். உங்கள் மூட்டுவலி தேவலையா?

எங்கள் மாட்டாஸ்பத்திரியிலிருந்து ஐப்பசி மழைக்கு முன்னால் ஊர் ஊராகத் தொண்டை அடைப்பான் ஊசி போடுகிறோம். ஊசி போட்டால் பால் வற்றிவிடும் என்று இங்கேயும் பயம்தான். போன வாரம், பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கும் குருவம்மாள், "எங்க வீட்டுல மாடே இல்லைய்யா" என்று வாசலை மறித்தார். அவர் காலடியிலேயே ஈரச் சாணம்! பசு அடுப்படியில் நின்றது. சத்தம் வராமலிருக்கக் கழுத்து மணியில் துணி சுற்றியிருந்தார்.

"எப்பிடிய்யா கண்டுபிடிச்சீக?"

"சின்னப் பிள்ளையில நானும் சுத்தியிருக்கேன்க்கா."

சிரித்துவிட்டு ஊசி போட விட்டார். பசுதான் என் முழங்காலில் ஓர் உதை விட்டது. வீக்கம் வடிந்துவிட்டது, பயப்படாதீர்கள்.

அம்மா, நம் செவலைப் பசு தொண்டை வீங்கி ஒரே நாளில் செத்ததற்கு இன்னும் உங்களையே நொந்துகொள்கிறீர்கள். ஊசிக்காரரிடம் மாடு இல்லை என்று சொன்னது நீங்கள்தான். ஆனால் நீங்கள் சொல்லாமலே மணியில் துணி சுற்றியவன் நான்.

நார்த்தங்காய் ஊறுகாய் கொஞ்சம் அனுப்புங்கள். செவலையின் மணியையும் சேர்த்து அனுப்புங்கள். என் அறையில் ஒரு சத்தமும் இல்லை.

தபால்காரர் வந்துவிட்டார், முடிக்கிறேன். துணி இன்னும் அதில் இருந்தால் அவிழ்த்துவிடுங்கள், அம்மா.

உங்கள் மகன்,
வேதமாணிக்கம்