காயாத செவுத்துல அடிச்ச பெயிண்டு

யுவஸ்ரீ, நீ கோவத்துல ஊட்டுலயே போட்டுட்டுப் போன உம் போன்லதான் பேசிப் பேசி எழுதறேன். கை பூரா பெயிண்டு. சாவியோட சேத்து இதையும் பக்கத்து ஊட்டுப் பாவாயக்காகிட்டக் குடுத்துட்டு ஓசூர் பஸ்ஸுக்குப் போறேன். கதவத் தொறக்கறதுக்கு முன்னால படிச்சுரு.

பாப்பாவுக்கு அந்த ரூம்பு ஓதத்துலதான இழுப்பு வருதுன்னு நாலு நாள் லீவு போட்டு வந்தேன். பழைய சுண்ணாம்பச் சொரண்டிப்போட்டு, செவுரு காயற வரைக்கும் பொறுங்கன்னு நீ சொன்ன. "ஓசூர்ல எத்தன அபார்ட்மெண்டுக்கு அடிச்சிருக்கேன், எனக்கே சொல்லித் தாரியா"ன்னு கத்துனேன். நீ பாப்பாவத் தூக்கிட்டு உங்கம்மா ஊட்டுக்குப் போயிட்ட.

அங்க ஈரம் பாக்கற மெசின வச்சுப் பாத்துட்டுத்தான் மேஸ்திரி டப்பாவையே தொறக்க உடுவாரு. இங்க எனக்கு நாளு இல்ல. ஓதம் ஏறாத பெயிண்டுதானன்னு ஈரத்து மேலயே ரெண்டு கோட்டு அடிச்சுட்டேன். ரூம்பு ரெடின்னு நேத்து அத்தகிட்டச் சொன்னதும் நாந்தான்.

காலைல பாத்தா செவுரு பூராக் கொப்புளம். குத்துனா தண்ணி வடியுது. அத்தைக்குப் போன் அடிச்சேன், நீங்க பஸ் ஏறிட்டீங்கன்னாங்க. அடுத்த லீவு தீவாளிக்குத்தான்.

பாவாயக்கா ஊட்டுல சோறு சொல்லியிருக்கேன். பையப் பிரிக்காத. சாப்புட்டுட்டு உங்கம்மா ஊட்டுக்கே திரும்பிப் போயிருங்க.

இன்னொண்ணு. மஞ்சக் கலரு ரூம்புன்னு பாப்பாவுக்கு ஆச காட்டிட்டேன். பாக்கணும்னு அழுவா. சன்னல் வழியாக் காட்டு. உள்ள மட்டும் உட்றாத.