சாவுக்குப் போக விடுப்பு

முசுட்டு மாமாவுக்கு,

சௌக்கியமா என்று இனி உங்களை எப்படிக் கேட்பேன்? நம் மகள் உங்கள் படத்துக்கு முன்னால் நின்று இதைச் சத்தமாகப் படிக்கட்டும். இந்தத் தூரத்து ஊரில் நான் நன்றாக இருக்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

எங்கள் விமானக் கம்பெனியை இன்னொரு கம்பெனியோடு சேர்க்கிறார்கள். விமானம் துடைக்கும் எங்களைப் புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். வீட்டில் சாவு விழுந்தால் போய்வர அதிலும் விடுப்பு இல்லை. பைலட்டுகளுக்கு உண்டு. உங்களை எடுத்த அன்று நான் இருக்கைகளுக்கு அடியில் குப்பை பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

“அந்த லீவ எழுதுங்க, போடறேன்” என்றேன்.

“வேல போயிடும்மா, பரவாயில்லையா?” என்றார் மேனேஜர்.

“என் வீட்டுக்காரரே போயிட்டாரு. இனிமே எதக் காட்டி பயமுறுத்துவீங்க?”

பின்னால் நின்ற பெண்களும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். விஷயம் பைலட்டுகள் சங்கத்துக்குப் போய், அவர்களுடைய தலைவியே எங்கள் அறைக்கு வந்தாள்.

“அக்கா, உங்களுக்கு எழுதித் தர்ற வரைக்கும் நாங்களும் கையெழுத்து போட மாட்டோம்னு சொல்லிட்டோம்.”

“அப்படியே, ஓட்டுற இடத்துல காபி கொட்டாம இருங்கம்மா” என்றேன். அவளும் சிரித்துவிட்டாள்.

இன்னும் முடிவு வரவில்லை. வேலை போனாலும் போகட்டும், எழுதித் தராமல் நான் கையெழுத்துப் போடப் போவதில்லை.

மகளே, அப்பா செருப்பை யாருக்கும் கொடுத்துவிடாதே. அவர் போர்வையைத் துவைக்காமல் அனுப்பு, இங்கே குளிர்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது மாமா. கடைசியில் என் மேல் கோபமாகவா போனீர்கள், இல்லை, இவளை வர விட்டிருக்க மாட்டார்கள் என்று புரிந்துகொண்டா?